பெருவிரலுக்குக் கீழே

பினாயில் ஊற்றிய கால் மணி நேரத்தில் குளியலறை ஜலதாரையிலிருந்து கரப்பான்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன.

பாண்டிமீனா விளக்கமாறோடு வாசலை மறித்து நின்றாள்.

முதல் நாலும் அவளைத் தாண்டவில்லை. ஐந்தாவது சுவரில் ஏறி, நிலைக்கு மேலே ஒரு கணம் நின்று மீசையை ஆட்டியது. பிறகு பறந்தது.

அவனியாபுரத்தில் அவர்களுடையது ஒரே அறை வீடு. பகல் இரண்டு மணிக்கு மின்விசிறி சித்திரை வெக்கையைக் கிளறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் மலையாண்டி முகத்துக்கு நேரே பேப்பரை விரித்துப் பிடித்திருந்தான். காலையிலிருந்து அதே பேப்பர்தான். பெண்டாட்டி செருப்பும் விளக்கமாறுமாக வீடெங்கும் ஓடினாலும் அவன் கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

"கட்டில்லயே வச்சுச் சோறு போட்டா பூச்சி வரத்தான் செய்யும்" என்று பக்கத்து வீட்டு ஒச்சாயி அக்கா ஒருமுறை சொன்னாள்.

அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. சாக்பீஸால் வீட்டைச் சுற்றிக் கோடு கிழித்தாள். போரிக் பவுடரைச் சீனியும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை உருட்டி மூலைக்கு மூலை வைத்தாள். கட்டிலின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். மூன்று நாள் ஒன்றுகூடக் கண்ணில் படாது. நாலாம் நாள் சிலிண்டருக்கு அடியிலிருந்து மீசை நீளும்.

இருந்தாலும் அவளுக்கு வெறி வந்தது போன மாதம்தான். ஒரு காலையில் புருஷனுடைய குதிகாலில் தோல் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. பாதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த ஒச்சாயி அக்கா, கரப்பான் அரித்தது என்றாள். அசந்து தூங்கிவிட்டார், அதனால் தெரியவில்லை என்று பாண்டிமீனா தனக்குத்தானே சொல்லிச் சமாளித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தக் கரப்பானையும் அவள் உயிரோடு விட்டதில்லை.

பறந்தது இப்போது கட்டிலில் இறங்கியது.

அவள் சத்தமில்லாமல் பக்கத்தில் போனாள். அது போர்வையின் ஓரமாக ஓடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் வலது பாதத்தில் ஏறியது. நல்ல பெரிய கரப்பான். பழைய அரக்கு நிறத்தில் முதுகு பளபளத்தது.

விளக்கமாறை ஓங்கினாள்.

அடித்தால் அவன் மேல் படும். இறங்கட்டும் என்று கையை அந்தரத்திலேயே நிறுத்தினாள். கரப்பான் இறங்கவில்லை. பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் பள்ளத்தில், மீசையால் தடவித் தடவி நகர்ந்தது.

பேப்பருக்குப் பின்னாலிருந்து மலையாண்டி பக்கத்தைப் புரட்டியபடி சொன்னான்.

"கால்ல என்னமோ ஊருது, மீனா."

எந்த வீட்டிலும் எந்த மனுஷனும் சொல்கிற மாதிரிதான் சொன்னான். சொன்ன பிறகு, புரட்டிய தாள் பாதியில் நின்றது.

அழகர்கோவில் சாலையில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பங்களாவின் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து அவன் விழுந்து ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரிந்ததில்லை. டாக்டர் உள்ளங்காலில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டபோது, "குத்திட்டீங்களா சார்?" என்று திருப்பிக் கேட்டவன் அவன். பூச்சி குதிகாலை அரித்ததையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

"எங்க?" என்றாள். மறுபடி கேட்டாள். "எங்க ஊருது?"

"வலது கால். பெருவிரலுக்குக் கீழ."

அது அங்கேதான் இருந்தது.

பேப்பர் அவன் நெஞ்சில் சரிந்தது. அவன் காலைப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று பயந்தவனைப் போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"என்னது அது?"

"கரப்பான்."

"அடிச்சிராத" என்றான் மலையாண்டி. "ஊரட்டும்."

அவள் விளக்கமாறைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலோரம் மண்டி போட்டாள். மின்விசிறிக் காற்று பட்டால் பறந்துவிடும் என்று முந்தானையை அணை மாதிரி விரித்துப் பிடித்தாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு கரப்பானை அவள் நின்று பார்த்ததே இல்லை. ஆறு காலும் ஒன்றோடொன்று இடிக்காமல் நடந்தன. காலில் மயிரிழை மாதிரி முட்கள். ஒவ்வோர் அடி வைக்கும் முன்னும் மீசை இரண்டும் முன்னால் போய்த் தொட்டுப் பார்த்தன.

"நடுப் பாதம்" என்றான் அவன்.

ஆமாம்.

"ஓரமாப் போகுது. சுண்டுவிரல் பக்கம்."

ஆமாம். ஆமாம். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவன் கண்ணை மூடியிருப்பது அவளுக்கு நினைவில்லை.

"கணுக்கால்ல நிக்குது."

நின்றுகொண்டிருந்தது.

அவன் மூடிய கண்களிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் கூப்பிட்டுக்கொண்டே போனது.

கரப்பான் நகர்ந்தது. கணுக்காலைத் தாண்டி, முழங்காலை நோக்கி நிதானமாக ஏறியது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பாதி வழி போயிற்று. முழங்கால் சில்லை எட்டி, அதன் உச்சியில் நின்று மீசையை ஆட்டியது.

"போயிருச்சா?" என்று கேட்டான்.

பாண்டிமீனா கையை நீட்டி அதை வெறும் உள்ளங்கையில் பொத்தி எடுத்துக்கொண்டாள்.

"போயிருச்சு" என்றாள்.

மூடிய கைக்குள் அது வழி தேடி ஊர்ந்தது. மெல்லிய முட்கள், மெல்லிய கூச்சம். எம்புட்டு லேசான கூச்சம். இதுவா இவன் காலுக்குத் தெரிந்தது!

அவள் கையைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.