ஐந்து நாள் லீவு

கேட்ட லீவை மேனேஜர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில், சன்னிவேல் அபார்ட்மென்ட் ஹாலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான் செழியன். தொண்ணூற்றெட்டு நவம்பர் காலண்டரில் பதினான்காம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அன்றுதான் கோபிச்செட்டிபாளையத்தில் அப்பா கிட்டுசாமிக்கு அறுபதாம் கல்யாணம்.

"பதிமூணாந்தேதி ப்ளைட். முத நாள் கொலோசியம், ரெண்டாவது நாள் வாட்டிகன்." லைப்ரரிப் புத்தகத்தைப் புரட்டினாள் அவன் மனைவி ஷ்யாமளா. "மூணாவது நாள் ப்ளான் எதுவும் வேணாம். ரோம்ல சும்மா நடந்தாலே போதுமாம்."

"அப்பாவுக்கு இது ஒருதரம்தான் வரும், ஷ்யாமளா."

"வருஷத்துக்கே பத்து நாள் லீவு. ஊருக்குப் போனா மொத்தமும் காலி. வீடு வீடா விருந்து, அப்புறம் வயித்து வலி. அதுக்குப் பேர் வெகேஷனா? லீவு கிடைக்கலைன்னு சொல்லிடு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மனசுதான் இடித்தது.

போன் அடித்தது. ஏழு வயது வெண்பா ஓடிப்போய் எடுத்து, "ஹாய் தாத்தா" என்று ஆரம்பித்து ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். அவருக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது என்று செழியன் கண்டுகொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்ட் பூத்தில் நின்று 'உம்' கொட்டிக்கொண்டிருப்பார். பேத்தியின் குரலே அவருக்குப் போதும்.

ஒருவழியாகச் செழியன் போனை வாங்கினான்.

"கண்ணு, பதினாலாந்தேதிக்கு வந்துருவீல்ல? பத்திரிக்கையே உம் பேருலதான் அடிச்சிருக்கறேன்."

"லீவு கெடைக்கலீங்கப்பா. எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன்."

"ரெண்டு நாளைக்குக்கூடவா?"

"ஒரு நாள்கூடத் தர மாட்டேங்கறாங்கப்பா."

பொய் இத்தனை சுலபமாக வந்தது அவனுக்கே கேவலமாக இருந்தது. ஷ்யாமளா, 'முடிஞ்சுதா?' என்று கையால் கேட்டாள். தலையாட்டினான்.

"போவுது உடு கண்ணு." கிட்டுசாமியின் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "ரோமாபுரில குளுருதாமே, பாப்பாவுக்கு ஒரு சொட்டரு எடுத்து வெச்சுக்கோ."