பின்சீட் இல்லாத கார்

"பின்சீட்டே இல்லாத வண்டியா காட்டுங்க," என்றான் தம்பி.

கார் விற்பனையாளர் அவனைப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால் நின்ற குடும்பத்தைப் பார்த்தார். மனைவி, அவள் இடுப்பில் இரண்டு வயதுச் சின்னவள், முந்தானையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நாலு வயது மூத்தவன். எல்லாருக்கும் பக்கத்தில், காரில் மாட்டுகிற குழந்தை நாற்காலி ஒன்றைக் கவசம் மாதிரி மார்போடு அணைத்தபடி அக்கா.

அக்கா பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. தம்பி பல் டாக்டர்தான், ஆனாலும் அக்கா வாய் திறந்தால் அவன் வாய் மூடிக்கொள்ளும். லீவு நாளில் ஜாலியாக ஓட்ட அவன் இன்னொரு கார் வாங்கப் போகிறான் என்று காதில் விழுந்ததுமே, அதைத் தடுத்தே தீருவது என்று கிளம்பி வந்திருந்தாள்.

"சார், குழந்தைங்க இருக்காங்க. இதைப் பாருங்களேன். கூரை திறக்கும், பின்னால மூணு பேர் தாராளமா உக்காரலாம்."

"வேண்டாம். அதுல பின்சீட் இருக்கு."

"இருந்தா என்னடா, கடிக்குமா?" என்றாள் அக்கா.

தம்பி மூலையில் நின்ற பச்சை வண்டியிடம் போய்விட்டான். அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இரண்டே இருக்கைகள். கூரையை மடித்துப் பின்னால் போட்டிருந்தார்கள்.

அக்கா விடவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் தெரிந்த சந்தில் குழந்தை நாற்காலியைத் திணித்துப் பார்த்தாள். குறுக்கே வைத்தாள். கவிழ்த்து வைத்தாள்.

"மேடம், அது குடை வைக்கிற இடம்," என்றார் விற்பனையாளர்.

"அப்போ புள்ளைங்களையும் மடிச்சுத்தான் வைக்கணும்."

"என்னை எப்படி அத்தை மடிப்பீங்க?" என்று மூத்தவன் ஆவலாகக் கேட்டான்.

அக்கா தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள். அவள் குனிந்து சின்னவளின் கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தோளில் பிஸ்கட் கறை.

"நீயாவது சொல்லேம்மா. உங்களை வீட்டுல போட்டுட்டு ஐயா தனியா காத்து வாங்கப் போறாராம்."

"போகட்டும் அண்ணி. வாரம் பூரா அடுத்தவங்க வாயையே பாத்துட்டிருக்காரு. ஒரு மாறுதல் வேண்டாமா?"

அந்தப் பெருந்தன்மையைக் கேட்டு அக்காவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓட்டிப் பாக்கறீங்களா சார்?"

தம்பி பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "காலையிலேருந்து கழுத்து சுளுக்கு. நீ ஒரு சுத்து ஓட்டிப் பாத்துச் சொல்லேன்," என்றான் மனைவியிடம்.

"நானா? புள்ளைங்க..."

"தெரு முனை வரைக்கும்தானே. அக்கா இருக்கா."

சின்னவளை அண்ணியிடம் கொடுத்துவிட்டு அவள் ஏறினாள். விற்பனையாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். வண்டி மெல்ல உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டியது. திருப்பத்தில் அதன் சத்தம் ஒரு முறை உயர்ந்து, பிறகு தெருவின் சத்தத்தில் கரைந்து போனது.

தம்பி அக்காவிடமிருந்து சின்னவளை வாங்கித் தன் கழுத்தின் மேல் உட்கார வைத்துக்கொண்டான். அவள் அவன் தலைமுடியைப் பிடித்து ஆட்டினாள்.

அக்கா உற்றுப் பார்த்தாள். "சுளுக்கு எங்கடா போச்சு?"

"தெரு முனை வரைக்கும் போயிருக்கு."

"விளையாடாதே."

"வண்டி எனக்கில்லைக்கா. ரிவர்ஸ் எடுக்கவே எனக்கு இன்னும் கை உதறும். அவ டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்துட்டு இருந்தவ. நானே அவகிட்ட கத்துக்கிட்டவன்தான். மூத்தவன் பொறந்ததும் வேலையை விட்டுட்டா. இப்போ எங்க போனாலும் பின்னால ரெண்டு குழந்தை நாற்காலிக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு வரா. பின்சீட் இருக்கிற வண்டியை வாங்கினா, மறுநாளே அதுலயும் நாற்காலியை மாட்டிடுவா."

"அப்போ புள்ளைங்க?"

"என்கிட்ட இருக்கும். சனிக்கிழமைன்னா எனக்குக் கழுத்து சுளுக்கும். வண்டி சும்மா நின்னா கெட்டுப்போயிடும், நீ ஒரு சுத்து போயிட்டு வான்னு அனுப்பிடுவேன்."

"அதை அவகிட்டயே சொல்லி வாங்கிக் குடுத்தா என்ன? எதுக்கு இந்தக் கூத்து?"

"சொன்னா வேண்டாம்னுடுவா. அதை விடு. இது அவளுக்காகன்னு சொல்லியிருந்தா, நீ இங்க வந்து அவளை என்ன கேட்டிருப்பே?"

அக்காவிடம் கேள்வி தயாராகவே இருந்தது. 'பெத்தவளுக்கு என்ன ஊர் சுத்தல் வேண்டிக்கிடக்கு?' நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள்.

"என்னைன்னா, ஆம்பளைக் கிறுக்குன்னு நாலு நாள் சிரிச்சுட்டு விட்டுடுவீங்க," என்றான் தம்பி.

அக்கா மூத்தவனுக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

தெரு முனை அன்றைக்கு வெகு தூரம் தள்ளிப் போயிருந்தது. ஒரு வழியாக வண்டி திரும்பி வந்தது. அவள் இறங்கினாள். தலை முழுக்கக் கலைந்திருந்தது. ஒதுக்கிக்கொள்ளத் தோன்றவில்லை அவளுக்கு. ஸ்டியரிங்கை விட்ட பிறகும் விரல்கள் அதைப் பிடித்திருந்த மாதிரியே வளைந்திருந்தன.

அண்ணியைப் பார்த்ததும் அந்த முகம் சட்டென்று வீட்டு முகமாகிவிட்டது.

"ரொம்ப நேரமாயிடுச்சா அண்ணி? சின்னவ அழுதாளா?"

"வண்டி எப்படி?" என்றான் தம்பி.

"பரவாயில்லை. உங்களுக்குப் பிடிச்சா வாங்கிக்கோங்க." சொல்லிவிட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

விற்பனையாளர் மூச்சு வாங்கியபடி வந்தார். "வண்டியை யார் பேர்ல போடட்டும் சார்?"

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"இவன் பேர்லயே போடுங்க," என்றாள் அக்கா, மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற தலைமையாசிரியைக் குரலில். "ரெண்டு புள்ளை பெத்தும் பொறுப்பு வராத ஜென்மம். அக்கம்பக்கத்துல யார் கேட்டாலும், எல்லாம் இவன் கிறுக்குதான்னு நானே சொல்லிக்கறேன்."