கறுப்பியின் முதுகு

சர்ரக்... சர்ரக்...

கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்ற தூக்கமெல்லாம் ஓடிப்போனது.

அந்தக் கண்ணாடிப் பெட்டியின் மூடியை இந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் தொட மாட்டார்கள்.

ஒற்றைச் செருப்போடு உள்ளே பாய்ந்தாள்.

தேள் பெட்டி திறந்து கிடந்தது. எதிரே மாமியார். வலது கையில் முழங்கைவரை துண்டைச் சுற்றியிருந்தாள். அந்தக் கையில் கேமரா லென்ஸ் துடைக்கிற பிரஷ். பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர், ஆவி பறந்தது.

"அத்தை! என்ன பண்றீங்க?"

தேள் கொட்டின திருடனைப் போல மாமியார் விழித்தாள்.

நேற்றுத்தான் மாமியாரோடு பெரிய சண்டை. "உலகத்துல பொண்ணுங்க கிளி வளக்குது, பூனை வளக்குது. இவ தேளை வளத்து, அதை உக்கார வெச்சு போட்டோ வேற புடிக்கிறா! நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அது போகணும். இல்ல, வெந்நீரை ஊத்தி நானே அனுப்பி வெப்பேன்!"

கணவன் அம்மாவிடம் "சரிம்மா" என்றான். இவளிடம் "பாத்துக்கலாம்" என்றான்.

அந்தத் தேள், கறுப்பி, மாசக்கணக்காய்ச் சினையாக இருந்தது. குட்டிகளை முதுகில் சுமக்கிற அந்த ஒரு படத்துக்காக, இவள் லீவு நாளெல்லாம் கேமராவும் கையுமாகத் தவம் கிடந்தாள்.

இப்போது எட்டிப் பார்த்தாள். கறுப்பியின் முதுகு வெறுமையாய் இருந்தது. சுற்றிலும் மண்ணில், சோற்றுப் பருக்கை சிந்தினாற்போல வெள்ளை வெள்ளையாய்க் குட்டிகள்.

"ஐயோ, பெத்துட்டாளே! அத்தனையையும் தள்ளி விட்டுட்டீங்களே! நீங்களும் ஒரு பிள்ளையைப் பெத்தவங்கதானே அத்தை?"

மாமியார் பிரஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அந்தப் பிள்ளை பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தான். "என்னம்மா இது! சாயங்காலம் வரைக்கும்தானே கெடு? அதுக்குள்ள என்ன அவசரம்?"

"டேய், நீ சும்மா இரு..." குரலில் பழைய காரம் இல்லை.

அப்போது ஒரு பருக்கை அசைந்தது.

தள்ளாடித் தள்ளாடித் தாயிடம் போனது. காலைப் பிடித்தது. வழுக்கியது. மறுபடி பிடித்தது. கறுப்பி ஆடாமல் அசையாமல் நின்று கொடுத்தாள்.

"ஏங்க, லைட்டைப் புடிங்க! கிட்ட! இன்னும் கிட்ட!"

கணவன் மேஜை விளக்கைத் தூக்கிப் பிடித்தான். நுரை சட்டையில் சொட்டியது. கிளிக். கிளிக். ஒன்றன்பின் ஒன்றாய், ஒன்றன்மேல் ஒன்றாய், குட்டிகள் ஏறத் தொடங்கின.

"அதோ, அந்தக் கடைசிப் பய விழுறான் பாரு!" மாமியார் குனிந்தே விட்டாள். "விடாதடா! ஏறு! காலைப் புடி! அப்படித்தான் என் ராசா!"

ஏறிவிட்டான். உச்சியில் நின்று, நூல் போன்ற வாலைக் கொடி மாதிரி தூக்கினான்.

கிளிக்.

மூன்று பேரும் கை தட்டினார்கள். கேமராத் திரையில் அந்த வாலைப் பார்த்ததும் மருமகளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முதுகில் உட்கார்ந்த குட்டிகளை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். விழுந்தவை திரும்ப ஏறியதை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

சந்தோஷம் அடங்கியதும் கோபம் எட்டிப் பார்த்தது.

"இப்பவாவது சொல்லுங்க அத்தை. எதுக்காகத் தள்ளி விட்டீங்க?"

மாமியார் துண்டைப் பிரித்தாள்.

"எனக்கென்ன தெரியும்? காலையில எட்டிப் பாத்தா, அது முதுகு பூரா வெள்ளையா நெளியுது. புழு வெச்சு உயிரோட அரிக்குதுன்னு நெனச்சேன். நீ வர்றதுக்குள்ள அது செத்துட்டா, வந்து அழுவியே! ஒண்ணைத் தட்டுவேன், பயந்து மூடுவேன். மறுபடி திறப்பேன். புண்ணைக் கழுவலாம்னு உப்புத் தண்ணி காய்ச்சி, ஆறட்டும்னு வெச்சிருந்தேன்."

மருமகள் கேமராவைக் கீழே வைத்தாள்.

"கொட்டியிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?" என்றான் மகன்.

"போடா! முப்பது வருஷம் உங்கப்பன் பேச்சைக் கேட்டவ நான்!"

மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அத்தை... அப்போ சாயங்காலம்?"

"நல்லா இருக்கே நியாயம்! பச்சை உடம்புக்காரியை எவளாவது வீட்டை விட்டுத் துரத்துவாளா?"

சொல்லிவிட்டு, பாதியில் போட்டுவிட்டு வந்த பாத்திரங்களைத் தேய்க்கப் போனாள் மாமியார்.