எதிர்க்கடைச் சரக்கு

“ஏட்டி, கையை வீசிக்கிட்டுப் போகாத. கூடையை எடுத்துக்க. அப்பத்தான் சாமான் வாங்க வந்தவ மாதிரி இருக்கும்” என்றார் ஐயாதுரை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அப்பா காலத்திலிருந்து ஜவுளிக்கடை வைத்திருக்கும் மனுஷன், கட்டின பெண்டாட்டியையே எதிர்க்கடைக்கு வேவு பார்க்க அனுப்புகிறார். வயிற்றெரிச்சல் எம்புட்டு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அழகுத்தாயும் மறுபேச்சு இல்லாமல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

எதிர்க்கடைக்காரன் பொன்னுராஜ். நேற்று முளைத்த பயல். ‘மலிவு விலைக் கடை’ என்று ஒரு தகரப் பலகை, வாசலில் ஒரு கரும்பலகை, கடை அவ்வளவுதான். காலையில் அன்றைய சரக்கை சாக்பீஸால் எழுதிப் போடுவான். ஒருநாள் போர்வை, ஒருநாள் நைலக்ஸ் சேலை, ஒருநாள் பிள்ளைகளுக்குக் கவுன். தீர்ந்ததும் அழித்துவிடுவான்.

அதோடு விட்டானா பாவி? ஆட்டோவில் மைக்கைக் கட்டி வன்னியம்பட்டி வரைக்கும் கத்தினான்.

“இன்னைக்கு இருக்கது நாளைக்கு இருக்காது! நாளைக்கு என்ன வரும்னு எனக்கே தெரியாது! ஓடியாங்க தாய்மாரே!”

தாய்மாரும் ஓடித்தான் வந்தார்கள். இன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே தினமும் ஒரு கூட்டம். கோவிலுக்கு வந்தவர்கள்கூட பலகையைப் பார்த்துவிட்டுத்தான் சாமியைப் பார்த்தார்கள்.

ஐயாதுரை கடையில் ஈ ஆடியது. ஆடிப்பூரத்துக்குள் யாவாரம் நிமிராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு ராஜபாளையத்தில் மகன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவே கட்டிவிட்டார். அழகுத்தாய் வீட்டுச் செலவுக்குக் கை நீட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். ‘கஷ்டம் தெரிஞ்சவ’ என்று அவருக்குக் கண் கலங்கியது.

அதற்காக விலையைக் குறைப்பாரா? மாட்டார். குறைத்து விற்றால் கடையில் லட்சுமி தங்கமாட்டாள் என்பது அவர் அப்பா சொன்ன வேதவாக்கு. விற்காத துணி கண்ணில் படுவதும் தரித்திரமாம். அதனால் போகாத சரக்கையெல்லாம் வசம்பு போட்டு மூட்டை கட்டி மச்சுக்கு ஏற்றிவிடுவார். அப்புறம் அதை நினைக்கக்கூட மாட்டார். மூட்டுவலி வந்தபிறகு மச்சுப்படி பக்கமே போவதில்லை. சாவி அழகுத்தாய் இடுப்பில் கிடந்தது.

வேவுக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

“கேட்டியா? சரக்கை எங்க புடிக்கானாம்?”

“விக்கத் தெரியாத மனுசன் யாரோ வாங்கிக் குவிச்சதாம். வீணாப் போகுதேன்னு இவன் தலையில கட்டுதாகளாம்.”

“எவன்ட்டி அந்தக் கூறுகெட்டவன்?”

“எனக்கென்ன தெரியும்?” என்று கூடையைக் கவிழ்த்து வைத்தாள் அழகுத்தாய்.

அந்த நேரம் பார்த்து முத்தாத்தாள் கடை ஏறினாள். பழைய வாடிக்கை. கைநிறைய போர்வை.

“அண்ணாச்சி, ஒரு பை இருந்தா குடுங்களேன். எதிர்க்கடையில பை தரமாட்டேங்கான்.”

எரிகிற வயிற்றில் எண்ணெய்! ஆனாலும் யாவாரிக் கை சும்மா இருக்குமா? போர்வையை வாங்கி நெருடிப் பார்த்தார். மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

“வசம்பு வாசம்! ஏட்டி, இது நம்ம கடைப் பழக்கம். இதையும் பாத்துப் படிச்சிக்கிட்டான் களவாணிப்பய!” என்று கத்தினார். “துணியும் என்னமா இருக்கு! இப்படிச் சரக்கு எங்கிட்ட இருந்தா நான் ஊரைக் கூட்டி விக்கமாட்டேனா?”

அழகுத்தாய்க்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

ஆடிப்பூரத் தேர் அன்று ஊரே ஜனம். தேர் பார்த்துத் திரும்பியவர்கள் எல்லாரும் எதிர்க்கடையில் புகுந்தார்கள். சாயங்காலத்துக்குள் கடை துடைத்துவிட்ட மாதிரி ஆகி, கரும்பலகையும் வெறுமையாகிவிட்டது. ஐயாதுரை அன்றைக்கு விற்றது ஒரே ஒரு துண்டு.

அதற்கு மேல் அவரால் தாங்கமுடியவில்லை. “செத்த நேரம் கல்லாவைப் பாத்துக்க” என்று அழகுத்தாயை உட்காரவைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்துத் தெருவைத் தாண்டினார். எதிர்க்கடை வாசலை அவர் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

பொன்னுராஜ் பதறிப்போய் எழுந்தான். “வாங்க அண்ணாச்சி! உக்காருங்க.”

“உக்கார வரலைலே. எனக்கு உம்மேல பொறாமை. உறக்கமே இல்ல. போதுமா?” ஐயாதுரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். “உனக்குச் சரக்குப் போடுற யாவாரியை ஒருதரம் எனக்குக் காட்டு. கையைப் புடிச்சுக் கெஞ்சியாவது நானும் வாங்கிக்கிடுதேன். இல்லாட்டி நாளைக்கு எங்கடையைப் பூட்டணும்.”

பொன்னுராஜ் பிடரியைச் சொறிந்தான். “சொல்லப்படாதுன்னு அவிய எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காவளே அண்ணாச்சி.”

“எந்த ஊர்லே? சிவகாசியா, மதுரையா? ஊரை மட்டும் சொல்லு, இப்பவே பஸ் ஏறுதேன்.”

பொன்னுராஜ் அவர் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தான்.

“பஸ்ஸு எதுக்கு அண்ணாச்சி? அவியளக் கல்லாவுல உக்காரவச்சிட்டுத்தான நீங்க வந்திருக்கீய?”