ஐந்தாவது கட்டம்

வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியைப் பூவம்மாள் உரக்கப் படிப்பாள். தறியில் உட்கார்ந்தபடியே அவள் புருஷன் தணிகாசலம் விடை சொல்வார். பிள்ளையார்பாளையத்துப் பேச்சு கட்டங்களுக்குள் அடங்காது. எப்போதும் ஓர் எழுத்து மிஞ்சும்.

“கடைசி கட்டத்துல ரெண்டையும் நெருக்கிப் போடும்மா” என்பார்.

“அப்படிப் போட்டா பரிசு எங்கேர்ந்து வரும்?” என்று இவள் சண்டைக்குப் போவாள்.

சாப்பிடக் கூப்பிட்டால், “வந்துக்கினு இருக்கேன்” என்பார். சோறு ஆறிய பிறகுதான் எழுந்து வருவார்.

அறுபத்தொன்பதாம் வருஷம் மாசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பூவம்மாள் தனியாகவே கட்டங்களை நிரப்பினாள். ஒரு வாரம், ‘கூப்பிட்ட குரலுக்குப் பதில், ஐந்தெழுத்து’ என்று கேட்டிருந்தார்கள். ‘வருகிறேன்’ என்று எழுதி அனுப்பினாள்.

அடுத்த வாரம் விடை அச்சாகி வந்தது. வ, ந், து, க். ஐந்தாவது கட்டத்தில் இரண்டு எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன: கினு.

பக்கத்து வீட்டு ஜெயம்மாளின் பத்திரிகையையும் வாங்கிப் பார்த்தாள். அதிலும் அப்படியே இருந்தது.

“சரியாத்தானேமா இருக்குது?” என்றாள் ஜெயம்மாள்.

பூவம்மாள் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுகளில் சோறு போட்டாள். தறிப் பக்கம் திரும்பி ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு, சோறு ஆறட்டும் என்று காத்திருந்தாள்.