சத்தம் வரவில்லை

தகப்பனின் சாவுச் சடங்கைக் கனடாவிலிருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நவநீதன் போனில் கூப்பிட்டான். "அண்ணே, அம்மா வாய் மட்டும் அசையுது. அழுகுற சத்தம் வரலை."

கேமராக்காரர் இன்பராசு மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஒயரை மாற்றினார். நாற்காலி போடச் சொல்லும் குரல்கூடத் தெளிவாகப் போனது. பிறகுதான் உறைத்தது. போன வாரக் கல்யாணத்தில் ஜெனரேட்டர் இரைச்சலை அடக்க லேப்டாப்பில் போட்ட ப்ளக்இன்னை அவர் எடுக்கவே இல்லை. ஒரே இழுப்பாக வந்த ஒப்பாரியையும் அது இரைச்சல் என்றே விழுங்கியிருக்கிறது. எரிச்சலோடு அதை அணைத்தார். தலைமாட்டில் இருந்த தாயின் குரல் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

"கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தீங்களே. அவனுக்கு லீவு கெடைக்கலையாம். போன மாசம் பனியில சறுக்கி வெளையாடுற போட்டோ அனுப்புனானே, அதுக்கு மட்டும் எவன் குடுத்தான் லீவு?"

நவநீதன் போனில் அவசரமாகச் சொன்னான்.

"அண்ணே, முன்னாடி இருந்த மாதிரியே வெச்சிடுங்க."

இன்பராசு ஒரு தரம் பிணத்தைப் பார்த்தார். பிறகு சொன்னதைச் செய்தார். திரையில் தாயின் வாய் மறுபடியும் வெறுமனே அசைந்தது.

"இப்ப சரியா இருக்குண்ணே."