முதல் ஸ்பூன்

“உண்மையைச் சொல்லுங்க அண்ணி. பட்டாணிக்குச் சாப்பாடு ஊட்டிப் பழக்கினது யாரு?”

கேரட் மசித்த கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள் அவள். எதிரே நாற்காலியில் அவள் மகன். குறைமாதத்தில் பட்டாணி அளவுக்குப் பிறந்தவன், அதுவே பெயராக நின்றுவிட்டது. ஆறு மாதம் முடியும்வரை பாலைத் தவிர எதுவும் கூடாது, புரையேறினால் ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆசை ஆசையாகக் காத்திருந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை, சற்று முன்புதான் முதல் ஸ்பூனை நீட்டியிருந்தாள்.

பட்டாணி தலையை இரண்டு தரம் ஆட்டினான். பிறகு ஒரு கண்ணைச் சுருக்கி, போனால் போகிறது என்பதுபோல வாயைத் திறந்தான். வாங்கிக்கொண்டதும், ‘துடைத்துவிடு’ என்று மோவாயைத் தூக்கிக் காட்டினான்.

“முதல் தடவையாம். பத்து வருஷமா மெஸ்ல சாப்பிட்டவன் மாதிரியில்ல இருக்கான்,” என்று சிரித்தான் படம் எடுத்துக்கொண்டிருந்த கணவன்.

அவள் சிரிக்கவில்லை.

“நான் ஊட்டலம்மா,” என்றாள் அண்ணி. கணவனின் அக்கா. தாய் வேலைக்குப் போகும் பகல் முழுக்கக் குழந்தை இந்த அண்ணியிடம்தான்.

“அப்ப மத்தியானமானா மிக்ஸி எதுக்கு ஓடுது? மாடி வீட்டு அக்கா சொன்னாங்க.”

“ஏதோ அரைச்சேன்.”

“சின்ன ஸ்பூன் தினமும் கழுவிக் கவுத்து வச்சிருக்கே, அது?”

அண்ணி மாமனாரின் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு தட்டை உள்ளே வாங்கிக்கொள்வதோடு சரி, யாரோடும் பேச்சில்லை.

“மெதுவாப் பேசும்மா. அப்பா காதுல விழுது.”

“அக்கா அப்படியெல்லாம் செய்யாதுடி,” என்றான் கணவன்.

“நீங்க சும்மா இருங்க. ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு ஆபீஸ் போயிடுவீங்க.” அவள் அண்ணியிடம் திரும்பினாள். “நீங்க பாசமாத்தான் வளர்க்கிறீங்க, இல்லேங்கல. ஆனா புரையேறியிருந்தா? அடுத்த வாரத்துலேருந்து இவனைக் காப்பகத்துல விட்டுடறேன்.”

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. பட்டாணியின் காலைப் பிடித்துக்கொண்டு, “இவன் வாயில நான் ஒரு துளி வச்சதில்ல. அதுக்கு மேல கேக்காத. வாக்குக் குடுத்திருக்கேன்,” என்றாள்.

வாக்கா? யாருக்கு? அவளுக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது.

மறுநாள், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பாதி நாள் லீவு கேட்டு, மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டுப் பூனைபோல நுழைந்தாள். மிக்ஸி ஜார் ஈரமாக இருந்தது. ஹாலில் குழந்தை இல்லை. மாமனாரின் அறையிலிருந்து கிண்ணத்தில் ஸ்பூன் உரசும் சத்தம்.

“ஆ... இன்னும் ஒரே ஒரு வாய். துப்பக் கூடாது, சொல்லிட்டேன்.” அண்ணியின் குரல்தான்.

அகப்பட்டாயா என்று நினைத்துக்கொண்டு கதவை மெல்லத் தள்ளினாள்.

தலையணைகளுக்கு நடுவே பட்டாணி சும்மா உட்கார்ந்திருந்தான். அண்ணியின் ஸ்பூன் அவன் பக்கம் இல்லை, கட்டில் பக்கம் நீண்டிருந்தது.

“கதவைச் சாத்தினியா? மருமக பார்த்தா மானம் போயிடும்,” என்றார் மாமனார். ஸ்டியரிங் பிடித்த கைகள் இரண்டும் மடியில் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருக்க, தலையை இரண்டு தரம் ஆட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி, வாயைத் திறந்தார்.

அண்ணி அவர் மோவாயைத் துடைத்துவிட்டாள். எதிரே பட்டாணியும், துடைக்க ஒன்றுமே இல்லாத தன் மோவாயைத் தூக்கிக் காட்டினான்.